கரண்ட் போகுதுங்களா?

குரு, சீடன் என்று ஆரம்பித்தாலே குருவுக்குத் தாடி நரைத்திருக்கும், சீடனுக்கு மீசை அரும்பியிருக்காது என்று நினைத்துக்கொள்வீர்கள். இங்கே கொஞ்சம் முன்னே பின்னே. சீடனுக்கு வயது ஐம்பத்தொன்பது. சர்க்கரை உண்டு, முழங்கால் வலி உண்டு, வாய்க்கொழுப்பும் உண்டு. குருவுக்கு முப்பத்தாறு.

அந்தச் சீடன் நான்தான். பெயர் தெய்வசிகாமணி. பாலிடெக்னிக்கில் முப்பத்தோரு வருடம் மின்சாரம் சொல்லிக்கொடுத்தவன்.

குருவின் பெயர் மயிலாத்தா. காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகிற சாலையில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை வைத்திருக்கிறார். ஓய்வுபெற்ற மூன்றாம் மாதம் என் கார் அவர் பட்டறை வாசலில் நின்றுபோனது. நான் படித்த புத்தகங்களையெல்லாம் மனசுக்குள் புரட்டிக்கொண்டிருந்தேன். அவர் வந்து ஒரே ஒரு ஒயரை அசைத்துவிட்டுப் போனார். வண்டி கிளம்பிவிட்டது.

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"வந்து உக்காந்து பாருங்க சார்" என்றார்.

போய் உட்கார்ந்தேன். எட்டு மாதம் ஆகிறது. முதல் ஒரு மாதம் என் கையில் உப்புத்தாளைத் தவிர வேறு எதையும் கொடுக்கவில்லை. பேட்டரி முனைகளைத் தேய், ஒயர் முனைகளைத் தேய், அவ்வளவுதான். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போய் நிற்பேன்.

எல்லோரையும் போல நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். பட்டறையில் அக்கா என்பது வயதல்ல, பதவி.

ஆயுத பூஜை முடிந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் பானெட்டில் இன்னும் அழியவில்லை. பின் சீட்டிலிருந்து நாச்சிமுத்து இறங்கினார். தேங்காய்க் களம் வைத்திருக்கிறவர், பார்த்தால் ஊரில் நாலு பேர் எழுந்து நிற்கிற மனிதர். வண்டியை ஓட்டிவந்த ஆறுச்சாமி இறங்கிப் போய்ப் பட்டறை கேட்டோரம் நின்றுகொண்டார். அவருக்கும் ஐம்பதைத் தாண்டியிருக்கும்.

"அம்மிணி, இந்த வண்டியில கோளாறு இருக்குதா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லிப்போடு" என்றார் நாச்சிமுத்து.

"என்ன பண்ணுதுங்க?"

"எனக்கு ஒண்ணும் பண்றதில்லை. அவனுக்குத்தான் பண்ணுது."

அக்கா ஆறுச்சாமியைத் திரும்பிப் பார்த்தார். நாச்சிமுத்து தொடர்ந்தார்.

"காலையில அஞ்சரைக்கு வண்டியை எடுடான்னா, செல்ஃப் எடுக்கலைங்கறான். டக்குனு ஒரு சத்தம், அத்தோட சரியாம். நான் எறங்கி வந்து சாவியைத் திருப்புனா உடனே கிளம்புது. ஒரு நாளா, ரெண்டு நாளா? அஞ்சு நாளு! கோயமுத்தூர் சோலி ரெண்டு கெட்டுப்போச்சு."

"எப்பருந்துங்க?"

"அவன் லீவு கேட்டு நான் இல்லைன்னதுலருந்து. மகளுக்கு வளைகாப்புன்னான். களத்துல லோடு ஏத்தற நேரம், போகக்கூடாதுன்னுட்டேன். அதுக்கப்புறம்தான் இந்தக் கூத்து." குரலைக் கொஞ்சம் இறக்கினார். "பதினேழு வருசம் அம்மிணி. என் சாவி அவன் இடுப்புலதான் இருந்துது. வண்டியில கோளாறுன்னா சரி பண்ணு. இல்லீன்னா இன்னைக்கே சாவியை வாங்கிட்டு அனுப்பிப்போடறேன்."

கேட்டோரத்திலிருந்து ஆறுச்சாமி, "நான் பொய் சொல்லலீங்க" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

சாயந்திரம் வருவதாகச் சொல்லிவிட்டு நாச்சிமுத்து போனார். அக்கா ஒரு லாரிக்கு அடியில் பாதி வேலையில் இருந்தார்.

"சார், நீங்க பாருங்க" என்றார்.

ஆகா, இதற்காகத்தானே எட்டு மாதம் காத்திருந்தேன்! என் மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய ஸ்கேனரை எடுத்தேன். மீட்டரை எடுத்தேன். மூன்று மணி நேரம் அந்த வண்டியை விடவில்லை. பேட்டரியில் சார்ஜ் நிறைய இருந்தது. இன்ஜினைச் சுற்றிவிடுகிற செல்ஃப் மோட்டார் வரைக்கும் கரண்ட் குறையாமல் வந்தது. ஃபியூஸ் எல்லாம் சரி. லைட் பளிச்சென்று எரிந்தது, ஹாரன் ஊரைக் கூட்டியது. ஸ்கேனரில் ஒரு பிழையும் இல்லை. இருபது தடவை சாவியைத் திருப்பினேன். இருபது தடவையும் கிளம்பியது.

வண்டியின் வேலை விவரம் எழுதுகிற ஜாப் கார்டை எடுத்து எழுதினேன். விடைத்தாள் திருத்திய காலத்துச் சிவப்புப் பேனா இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. 'வண்டியில் குறை எதுவும் இல்லை.' கீழே கையெழுத்து, தேதி.

அக்கா லாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, கார்டை வாங்கி வாய்விட்டுப் படித்தார்.

"வண்டியில குறை எதுவும் இல்லீங்களா?"

"இல்லைங்கக்கா. எல்லாம் அளந்து பாத்தாச்சு."

"அப்போ குறை யாருகிட்டன்னு எழுதியிருக்கீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. "நான் வண்டியைப் பத்தி மட்டும்தானுங்களே எழுதியிருக்கேன்?"

"படிக்கப்போறவரு அப்படிப் படிக்கமாட்டாருங்க."

கேட்டோரம் பார்த்தேன். ஆறுச்சாமி இன்னும் நின்றுகொண்டிருந்தார். மூன்று மணி நேரமாக அவர் உட்காரவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"கரண்ட் வருதுங்களா?" என்று கேட்டார் அக்கா.

"செல்ஃப் வரைக்கும் ஜம்முனு வருதுங்க."

"போகுதுங்களா?"

"என்னது?"

"கரண்ட். போகுதுங்களா?"

சிரித்துவிட்டேன். நம் ஊரில் கரண்ட் வந்தால் கைதட்டுவோம், போனால் மின்வாரியத்தைத் திட்டுவோம். கரண்ட் போகவேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரு ஆளை நான் பார்த்ததில்லை.

"போனாத் தொல்லைதானுங்களே அக்கா?"

"போகாட்டித்தானுங்க தொல்லை" என்று சொல்லிவிட்டு, அவர் ஆறுச்சாமியிடம் போனார்.

நான் பின்னாலேயே போனேன்.

"ஏனுங்ணா, காலையில எந்திரிச்சதுலருந்து என்ன பண்ணுவீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

ஆறுச்சாமி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார். "மூஞ்சி கழுவிட்டு வண்டியைத் தொடைப்பேனுங்க. பனி இருக்குமுங்க. அப்புறம் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டுட்டுச் சாவியைத் திருப்புவேன். டக்குங்கும். மறுபடி திருப்புவேன். டக்குங்கும். நாலு தடவை பாப்பேனுங்க. அப்புறம் மேல போயி முதலாளிகிட்டச் சொல்லுவேன். அவரு திட்டிக்கிட்டே வந்து திருப்புவாரு. கிளம்பிருமுங்க."

"நாலு தடவைங்களா?"

"நாலுதானுங்க. எண்ணிக்கிட்டேதான் திருப்புவேன்."

"அப்போ அஞ்சாவதுதான் முதலாளி."

"ஆமாங்க."

அக்கா ஆறுச்சாமிக்கு ஒரு ஸ்டூலைத் தள்ளிவிட்டு, "உக்காருங்ணா" என்றார்.

சாயந்திரம் நாச்சிமுத்து வந்தார். "என்ன அம்மிணி, இருக்குதா இல்லையா?"

என் கார்டு மேசைமேல் கிடந்தது. அவர் எட்டிப் படித்துவிடுவாரோ என்று பயந்துபோனேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அதன்மேல் டீ கிளாஸைத் தூக்கி வைத்துவிட்டேன்.

"வண்டி இங்கயே நின்னு குளிரட்டுமுங்க" என்றார் அக்கா. "காலையில அஞ்சரைக்கு வாங்க. சொல்றேன்."

"அவனை அனுப்பறேன்."

"அவரும் வரட்டும். நீங்களும் வரணும். சாவி உங்க கையிலயே இருக்கட்டும், வீட்டுக்குக் கொண்டுபோங்க. நாங்க என்னமோ பண்ணிப்போட்டோம்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்க."

நாச்சிமுத்து சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். "காலையில கிளம்பிருச்சுன்னா அவன் சோலி முடிஞ்சுது. பாத்துக்க" என்றார். ஆறுச்சாமி அன்று வீட்டுக்கு நடந்து போனார்.

எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. போகுதுங்களா, போகுதுங்களா என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் அஞ்சரைக்கு நல்ல பனி. வண்டிமேல் விரலால் பெயர் எழுதலாம். நாச்சிமுத்து மப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்தார். ஆறுச்சாமி எங்களுக்கு முன்னாலேயே வந்து அதே கேட்டோரம் நின்றிருந்தார்.

"நீங்களே திருப்புங்க" என்றார் அக்கா.

நாச்சிமுத்து ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

டக்.

அவர் சாவியைப் பார்த்தார். மறுபடி திருப்பினார்.

டக்.

"ஏனுங்க, உங்க வீட்லயும் வளைகாப்புங்களா?" என்று கேட்டார் அக்கா.

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கிக்கொண்டேன். நாச்சிமுத்து மப்ளரை அவிழ்த்துவிட்டார். ஆறுச்சாமி கேட்டைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது. பதினேழு வருடம் பேசாமல் வண்டி ஓட்டிய மனிதர் அழுதது எனக்கே தாங்கவில்லை.

"போதுமுங்க, நான் சொல்றப்ப திருப்புங்க" என்று சொல்லிவிட்டு அக்கா என்னிடம் திரும்பினார். "சார், நேத்து எப்படி அளந்தீங்களோ அப்படியே வெச்சுக் காட்டுங்க."

மீட்டருக்கு இரண்டு ஒயர், கறுப்பு ஒன்று, சிவப்பு ஒன்று. கறுப்பைப் பேட்டரியின் மைனஸில் மாட்டினேன். சிவப்பைச் செல்ஃப் மோட்டாரில் வைத்தேன். பன்னிரண்டு வோல்ட். குறையே இல்லை.

"நேத்து மூணு மணி நேரமும் கறுப்பு அங்கயேதான் இருந்துச்சுங்களா?"

"ஆமாங்க."

"சிவப்பை மட்டும் ஊரெல்லாம் கூட்டிட்டுப் போறீங்க. கறுப்பை வீட்டை விட்டு வெளிய விடமாட்டேங்கறீங்களே?" என்றார். "அதை எடுத்து இன்ஜின் இரும்புல வைங்க."

வைத்தேன்.

"இப்பத் திருப்புங்க."

டக். மீட்டரில் பன்னிரண்டு அப்படியே நாலுக்கு விழுந்தது.

அட கடவுளே! எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. கரண்ட் பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு வரும். வேலை முடித்துவிட்டு, இன்ஜின் இரும்பு, வண்டி பாடி வழியாகப் பேட்டரிக்கே திரும்பிப் போகவேண்டும். அதைத்தானே எர்த் என்கிறோம்? நான் வருகிற வழியை மட்டும் அளந்திருக்கிறேன். திரும்புகிற வழியின் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. மின்சுற்று, மின்சுற்று என்று முப்பத்தோரு வருடம் கரும்பலகையில் எழுதினேன். சுற்று என்ற சொல் என் வாயில் இருந்தது, கையில் இல்லை.

அக்கா பானெட்டுக்குள் குனிந்து, இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகிற பட்டையான எர்த் ஒயரைக் காட்டினார்.

"அந்த போல்ட்டைத் தொட்டுப் பாருங்க சார்."

சுற்றிலும் எல்லா இரும்பும் பனியில் சில்லென்று இருந்தது. அந்த ஒரு போல்ட் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

"சூடு!"

"ம். போக வழி பத்தலை. அங்கயே முட்டிக்கிட்டு நிக்குது" என்றார். நாச்சிமுத்துவிடம், "இன்னொருக்காத் திருப்புங்க."

டக். அது நாலாவது.

அக்கா அந்த போல்ட்மேல் புறங்கையை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். நான் அளந்ததெல்லாம் அளவே இல்லை, ஐயா. அந்தப் புறங்கையைப் பார்த்தபோதுதான் அளப்பது என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது. ஒரு பத்து விநாடி இருக்கும்.

"எறங்குங்க. சாவியை அவருகிட்டக் குடுங்க."

நாச்சிமுத்து இறங்கினார். ஆறுச்சாமி முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து ஏறினார். ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சாவியைத் திருப்பினார்.

வண்டி கிளம்பிவிட்டது.

நாச்சிமுத்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "இதென்ன, எனக்கு எடுக்காம அவனுக்கு எடுக்குது?"

"யாருக்கும் இல்லீங்க, அஞ்சாவதா திருப்பற ஆளுக்கு எடுக்குது" என்றார் அக்கா. "நாலு தடவை திருப்புனா அந்த இடம் சூடாகி ஒட்டிக்குது. தினமும் அவரு நாலு தடவை திருப்பிச் சூடு பண்ணி வெப்பாரு. நீங்க வந்து அஞ்சாவது திருப்புவீங்க. வெயில் ஏறினப்புறம் அதுகூட வேண்டாம், பகல்ல யாரு திருப்பினாலும் எடுக்கும். லீவுனால இல்லீங்க, பனி ஆரம்பிச்சதுனாலதானுங்க."

வண்டியை நிறுத்தச் சொல்லி போல்ட்டைக் கழற்றினார். ஒயர் முனையைத் தூக்கினார். அடியில் இரும்பு தெரியவில்லை. கன்னங்கரேலென்று பெயிண்ட். அழகாக, ஒரு பிசிறில்லாமல் அடித்திருந்தது. பெயிண்டைத் தாண்டிக் கரண்ட் எப்படிப் போகும்? போல்ட்டின் மரை வழியாகக் கொஞ்சம் கசிந்தால்தான் உண்டு.

"இதுல யாரு பெயிண்ட் அடிச்சது?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

நான் ஆறுச்சாமியைப் பார்த்தேன். போன சர்வீஸில் யாராவது அடித்திருப்பார்கள் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"நான்தானுங்க" என்றார் ஆறுச்சாமி.

"நீயா?"

"அங்க துரு ஏறிக்கிடந்துதுங்க. ஆயுத பூஜைக்கு வண்டி நல்லா இருக்கோணும்னு ஒயரைக் கழட்டி, தேச்சு, ரெண்டு கோட்டு அடிச்சேன். காஞ்சப்புறம் அதுமேலயே முடுக்கிட்டேனுங்க. இதனாலதான்னு எனக்குத் தெரியாதுங்க."

நாச்சிமுத்துவின் முகம் சிவந்தது. "அப்போ எல்லாம் உன்னாலதான்! என் சோலி கெட்டது, நான் விடியக்காலம் இங்க வந்து நிக்கறது, எல்லாம் உன்னாலதான்! பாத்தியா அம்மிணி?"

"பாத்தேனுங்க" என்றார் அக்கா. "பொய் சொல்றாருன்னுதானுங்களே கூட்டிட்டு வந்தீங்க?"

நாச்சிமுத்து அவிழ்த்த மப்ளரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். ஆறுச்சாமி குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் 'நான்தானுங்க' என்று சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

அக்கா உப்புத்தாளை எடுத்து ஆறுச்சாமியிடம் நீட்டினார். "தேய்ங்ணா. இரும்பு வெள்ளையா தெரியணும். அழகெல்லாம் பாக்காதீங்க."

ஆறுச்சாமி தேய்த்தார். அங்கே இன்னும் இருட்டாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து நாச்சிமுத்து பக்கத்தில் போய், தன் செல்போன் டார்ச்சைப் போட்டு அவர் கைக்கு வெளிச்சம் காட்டினார்.

மன்னிப்பு, கின்னிப்பு எல்லாம் அவர் கேட்கவில்லை. அவர் அப்படிப் பழகிய ஆள் இல்லை. ஒயரை மாட்டி முடித்ததும், "புள்ளையைக் கட்டிக்குடுத்தது எந்த ஊருல?" என்று கேட்டார்.

"உடுமலைங்க."

"நாளைக்குப் போயிப் பாத்துட்டு வா. பஸ்ஸுல போயி அலையாதே, வண்டியை எடுத்துட்டுப் போ."

ஆறுச்சாமி சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது.

அவர்கள் போன பிறகு நான் மேசைக்குப் போனேன். டீ கிளாஸுக்கு அடியில் என் கார்டு வட்டக் கறையோடு கிடந்தது. 'வண்டியில் குறை எதுவும் இல்லை.' எவ்வளவு முத்து முத்தான கையெழுத்து! முப்பத்தோரு வருடமாக எத்தனை தாளில் இதே கையால் என்னென்ன எழுதினேனோ. சிவப்புப் பேனாவைத் திறந்து அந்த வரியை அடிக்கப் போனேன்.

அக்கா ஏற்கனவே லாரிக்கு அடியில் படுத்துவிட்டிருந்தார். கால் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"அடிக்காதீங்க சார்" என்றார்.

"தப்பா எழுதிட்டேனுங்களே அக்கா."

"தப்பெல்லாம் இல்லீங்க. அந்த வரிக்கு முன்னால கொஞ்சம் இடம் இருக்கும் பாருங்க. அங்க மூணு வார்த்தை சேத்துக்குங்க, சரியாப்போயிரும்."

"என்னன்னுங்க?"

லாரிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"நான் பாத்த இடத்துல."